சந்தோரினி

சந்தோரினி என்பது ஏஜியன் கடலின் தென்பகுதியில் அமைந்துள்ள ஒரு கிரேக்கத் தீவாகும். இதன் அதிகாரபூர்வப் பெயர் திரா. கிரேக்கப் பெருநிலப்பகுதியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 200 கிமீ தொலைவிலும், கிரீட் தீவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 110 கிமீ தொலைவிலும் உள்ளது. சிக்லாடீஸ் தீவுக்கூட்டத்தின் தென்முனைத் தீவுகளுள் ஒன்றான இதன் பரப்பளவு ஏறத்தாழ 75 சதுர கிமீ. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அருகிலுள்ள திராசியாவையும் சேர்த்து இந்நகராட்சியில் 15,550 பேர் வாழ்ந்தனர். தலைநகர் ஃபிரா.

செங்குத்தான பாறை விளிம்பில் அடுக்கடுக்காக அமைந்த வெள்ளை வீடுகளுக்கும், அவற்றுக்குக் கீழே பரந்திருக்கும் ஆழ்ந்த நீலக் கடலுக்கும் இத்தீவு உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. அந்த விளிம்பு, வெண்கலக் காலத்தில் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பினால் நடுப்பகுதி இடிந்து கடலுள் அமிழ்ந்த ஒரு தீவின் எஞ்சிய ஓரமாகும். அவ்வெடிப்பில் புதையுண்ட அக்ரோத்திரி நகரமும், எரிமலைச் சாம்பலில் வளரும் கொடிகளிலிருந்து பெறப்படும் வைனும் இத்தீவின் வேறு இரு சிறப்புகள்.

பெயர்

பண்டைய கிரேக்கர் இத்தீவைக் கல்லிஸ்தே, அதாவது "மிக அழகியது", என்றும் அதற்கு முன்னர் ஸ்ட்ரோங்கிலி, அதாவது "வட்டமானது", என்றும் அழைத்ததாகக் கூறப்படுகிறது. இன்றைய தீவு பிறை வடிவினது. பின்னர் இங்குக் குடியேறியவர்களின் தலைவனாகக் கருதப்படும் தேராஸ் என்பவனின் பெயரால் தேரா என்ற பெயர் ஏற்பட்டது. இதுவே தற்காலக் கிரேக்கத்தில் திரா என ஒலிக்கப்படுகிறது. சந்தோரினி என்ற பெயர் 13ஆம் நூற்றாண்டில் இலத்தீன் ஆட்சியாளர்கள் வந்தபோது, புனித இரீனியின் பெயரிலிருந்த ஒரு தேவாலயத்தை ஒட்டி உருவானது. 19ஆம் நூற்றாண்டில் பழைய பெயர் மீண்டும் அரசு வழக்கிற்குக் கொண்டுவரப்பட்ட போதிலும், வெளியுலகில் சந்தோரினி என்பதே நிலைத்துவிட்டது.

புவியியலும் எரிமலையும்

சந்தோரினி தனியொரு தீவன்று. ஒரு சிறு தீவுக்கூட்டம். பிறை வடிவிலான திரா, மேற்கே திராசியா, தென்மேற்கே சிறியதான அஸ்ப்ரோனிசி ஆகிய மூன்றும் சேர்ந்து, நீர் நிரம்பிய ஒரு பெரும் எரிமலைக் குழியைச் சூழ்ந்துள்ளன. இத்தகைய குழி கல்டேரா எனப்படும். எரிமலைக்கு அடியிலுள்ள பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறிய பின், தாங்குதலின்றி மேற்கூரை இடிந்து உள்வாங்குவதால் இது உண்டாகிறது. சந்தோரினியின் கல்டேரா ஏறத்தாழ 12 கிமீ நீளமும் 7 கிமீ அகலமும் கொண்டது. சுற்றியுள்ள பாறைச் சுவர்கள் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. கடலின் ஆழமும் ஏறத்தாழ 400 மீட்டரை எட்டுகிறது. இந்த ஆழத்தின் காரணமாகப் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் இங்கு எளிதில் நங்கூரமிட முடிவதில்லை. பயணிகள் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்படுகின்றனர்.

குழியின் நடுவில் உள்ள பலயா கமெனி, நெயா கமெனி ஆகிய கருநிறத் தீவுகள் வரலாற்றுக் காலத்திலேயே கடலிலிருந்து எழுந்தவை. கமெனி என்பதற்கு "எரிந்தது" என்று பொருள். கிமு 197இல் இங்கு ஒரு புதிய தீவு தோன்றியதைப் பண்டைய எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். கிபி 726இல் நிகழ்ந்த வெடிப்பின் நுரைக்கற்கள் சின்ன ஆசியாவின் கரை வரை பரவின. பைசாந்தியப் பேரரசன் மூன்றாம் லியோ அதனைக் கடவுளின் சினமாகக் கொண்டு திருவுருவ வழிபாட்டிற்கு எதிரான நடவடிக்கைகளைத் தொடங்கினான் என்று வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியுள்ளார். நெயா கமெனி 1707க்கும் 1711க்கும் இடையில் தோன்றி, 1866-1870, 1925-1928, 1939-1941 ஆகிய ஆண்டுகளின் வெடிப்புகளால் வளர்ந்தது. இறுதி வெடிப்பு 1950இல் சிறிய அளவில் நிகழ்ந்தது. இன்று பயணிகள் படகில் சென்று இதன் வாய் வரை ஏறிப் பார்க்கின்றனர்; கந்தக நாற்றமும் ஆவியும் அங்கு இன்றும் உண்டு.

கல்டேராவுக்கு வெளியே, வடகிழக்கில் ஏறத்தாழ 7 கிமீ தொலைவில் கொலும்போ என்ற கடலடி எரிமலை உள்ளது. 1650இல் இது வெடித்தபோது வெளிவந்த நச்சு வளியினால் சந்தோரினியில் ஏறத்தாழ 70 பேரும் ஏராளமான கால்நடைகளும் இறந்தனர். தீவின் படங்களில் இடம்பெறுவது நெயா கமெனியே ஆயினும், ஆய்வாளர்கள் பலர் கூடுதல் கவலையுடன் நோக்குவது கண்ணுக்குத் தெரியாத இந்தக் கொலும்போவைத்தான்.

தீவின் மிக உயர்ந்த இடமான புரோஃபிதிஸ் இலியாஸ் மலை (567 மீட்டர்) எரிமலையால் உண்டானதன்று. எரிமலை தோன்றுவதற்கு முன்பே இங்கிருந்த சுண்ணப்பாறைத் தீவின் எச்சம் அது.

மினோவன் வெடிப்பு

கிமு இரண்டாம் ஆயிரவாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த மினோவன் வெடிப்பு, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் உலகில் நிகழ்ந்த மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளுள் ஒன்றாகும். தீவின் சில பகுதிகளில் நுரைக்கல்லும் சாம்பலும் பல பத்து மீட்டர் தடிப்புக்குப் படிந்தன. சாம்பல் கிழக்கே அனத்தோலியா வரை சென்றது. ஆழிப்பேரலைகள் கிரீட்டின் வடகரையையும் அனத்தோலியாவின் மேற்குக் கரையையும் தாக்கின. துருக்கியில் செஷ்மே நகரில் அவ்வலைகள் கொண்டுவந்த இடிபாடுகளுக்குள் ஓர் இளைஞனின் எலும்புக்கூடும் ஒரு நாயின் எலும்புக்கூடும் கிடைத்துள்ளதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வெடிப்பு எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பது நெடுங்காலமாக நீடிக்கும் கேள்வி. தொல்லியலாளர்கள், தேராவில் கிடைத்த மட்பாண்டங்களையும் எகிப்தில் கிடைத்தவற்றையும் ஒப்பிட்டு, எகிப்திய அரசர்களின் ஆட்சிக்கால வரிசையின் துணையுடன் கிமு 1500 அளவில் எனக் கணித்தனர். கரிமம்-14 முறையைப் பயன்படுத்தியோர் அதைவிட நூறாண்டுகள் வரை முற்பட்ட காலத்தைக் கூறினர். 2006இல், சாம்பல் படிவினுள் நின்ற நிலையிலேயே புதையுண்ட ஓர் ஒலிவ மரக்கிளையின் வளையங்களைக் கொண்டு கிமு 1627-1600 என்ற காலம் முன்வைக்கப்பட்டது. ஒலிவ மரத்தின் வளையங்களை ஆண்டுக்கு ஒன்றெனத் துல்லியமாக எண்ண இயலுமா என்ற ஐயத்தைப் பிறர் எழுப்பினர். 2018இல், ஆண்டு தெரிந்த மரவளையங்களை ஒவ்வொன்றாக அளந்து திருத்திய புதிய அளவுகோல், கிமு 16ஆம் நூற்றாண்டுக்கும் இடமுண்டு எனக் காட்டி, இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளியைக் குறைத்தது.

ஓர் எரிமலையின் ஆண்டைப் பற்றி இத்தனை சச்சரவு ஏன் என்று தோன்றலாம். எகிப்து, கிரீட், சைப்பிரசு, அண்மைக் கிழக்கு ஆகிய நாடுகளின் வெண்கலக் கால அடுக்குகளில் இச்சாம்பல் ஒரே நாளைக் குறிக்கும் பொதுக்கோடாக உள்ளது. அக்கோடு நகர்ந்தால், அதனுடன் பிணைக்கப்பட்ட காலவரிசைகளும் சேர்ந்து நகர்ந்தாக வேண்டும்.

பிளேட்டோ தமது திமேயசு, கிரித்தியாசு ஆகிய நூல்களில் கூறும் கடலில் மூழ்கிய அத்திலாந்திசு நாடு சந்தோரினியே என்ற கருத்தும் பரவலாக உள்ளது. பிளேட்டோ கூறும் இடமும் காலமும் அளவும் தேராவுடன் பொருந்துவதில்லை என்பதால் அறிஞர்களுள் பெரும்பாலானோர் இதை ஏற்பதில்லை. அத்திலாந்திசு இல்லாமலேயே அக்ரோத்திரி போதிய வியப்பைத் தரவல்லது.

அக்ரோத்திரி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூயசுக் கால்வாய் கட்டுமானத்துக்கு நீரில் இறுகும் சீமைக்காரை தேவைப்பட்டது. சந்தோரினியின் எரிமலைச் சாம்பல் அதற்கு ஏற்ற மூலப்பொருள் என்பதால் திராசியாவில் பெரிய அளவில் தோண்டினர். 1866 அளவில், சாம்பலுக்கு அடியில் சுவர்கள் தென்பட்டன. பிரெஞ்சு நிலவியலாளர் ஃபூக்கே 1867இல் இவ்விடங்களை ஆராய்ந்து, எரிமலை வெடிப்பிற்கு முன் இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதை உணர்ந்தார்.

முறையான அகழ்வாய்வு நூறாண்டு கழித்தே தொடங்கியது. கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிதோன் மரினாத்தோஸ், கிரீட்டின் மினோவன் நாகரிகம் தேராவின் எரிமலையால் அழிந்தது என்ற கருதுகோளை 1939இல் வெளியிட்டிருந்தார். அதற்குச் சான்று தேடி 1967இல் தீவின் தென்கரையில் அக்ரோத்திரி என்னும் சிற்றூருக்கு அருகே தோண்டத் தொடங்கினார். கிரீட்டை நோக்கிய கரை என்பதும், அங்குச் சாம்பல் படிவு மெல்லியது என்பதும் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். சில நாட்களிலேயே கட்டடங்கள் வெளிப்பட்டன. மரினாத்தோஸ் 1974இல் அகழ்வாய்வுத் தலத்திலேயே நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அவருக்குப் பின் கிறிஸ்தோஸ் தூமாஸ் பல பத்தாண்டுகள் பணியைத் தொடர்ந்தார். வெளிப்பட்டிருப்பது நகரத்தின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

மரினாத்தோசின் கருதுகோள் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. கிரீட்டில் தேராவின் சாம்பல் கிடைக்கும் அடுக்கிற்கு மேலும் மினோவன் கட்டடங்கள் தொடர்கின்றன; அங்குள்ள அரண்மனைகளின் பெரும் அழிவு பிற்பட்டது. ஒரு தவறான கருத்தைத் தேடிச் சென்று, ஏஜியன் தொல்லியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று கிடைத்தது எனலாம்.

அக்ரோத்திரியின் வீடுகள் இரண்டு, மூன்று மாடிகள் கொண்டவை. கற்சுவர்களுக்கு இடையே மரச்சட்டங்கள் பதிக்கப்பட்டிருந்தன. நிலநடுக்கத்தின்போது சுவர் நெகிழ்ந்து கொடுக்க அவை உதவியிருக்கும். தெருக்களுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் ஓடின. மேல்மாடியிலிருந்த கழிப்பறையிலிருந்து சுடுமண் குழாய் வழியாகக் கழிவு இறங்கும் அமைப்பையும் காணலாம். கிடங்குகளில் பெரிய தாழிகள் வரிசையாக நிற்கின்றன. மரப்பொருட்கள் மக்கிப் போனாலும் சாம்பலில் அவற்றின் வடிவம் வெற்றிடமாக நின்றது. அவ்வெற்றிடங்களில் சாந்து வார்த்துக் கட்டில்கள், முக்காலி மேசைகள் ஆகியவற்றின் வடிவங்களை மீட்டுள்ளனர்.

பொம்பெயியுடன் இந்நகரை ஒப்பிடுவது வழக்கம். ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: அக்ரோத்திரியின் வீடுகளில் வெடிப்பில் இறந்தவர்களின் உடல்கள் கிடைக்கவில்லை, நகைகளும் அநேகமாக இல்லை. முதலில் ஒரு நிலநடுக்கம் நகரைச் சேதப்படுத்தியிருக்கிறது. மக்கள் சிலர் திரும்பி வந்து, இடிபாடுகளைக் குவித்து, பயன்படும் பொருட்களைத் தனியே எடுத்து வைத்து, பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கின்றனர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள் அப்போது வெளியே எடுக்கப்பட்டவை. அப்பணி முடியுமுன் எரிமலை விழித்தது. விலையுயர்ந்தவற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வெளியேறிவிட்டனர். படகேறியவர்கள் தப்பினரா என்பதற்கு விடையில்லை. 1999இல் ஒரு மரப்பெட்டியினுள் கிடைத்த சிறிய தங்க மலையாட்டு உருவம் விட்டுச் செல்லப்பட்ட அரிய பொருளாகும். இது ஃபிராவிலுள்ள தொல்வரலாற்றுத் திரா அருங்காட்சியகத்தில் உள்ளது.

சுவரோவியங்கள் இந்நகரின் பெருஞ்செல்வம். செந்நிற அல்லி மலர்களும் பறக்கும் தகைவிலான் குருவிகளும் நிறைந்த இளவேனில் ஓவியம், குத்துச்சண்டையிடும் சிறுவர்கள், கைகளில் மீன் கொத்துகளைத் தாங்கிய மீனவன், ஒரு துறைமுகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கப்பல் அணிவகுப்பு, குங்குமப்பூக் கொய்யும் பெண்கள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஓர் அறையில் நீல நிறக் குரங்குகள் பாறைகளில் தாவுகின்றன. இவற்றின் வாலின் வளைவையும் உடலமைப்பையும் கொண்டு, இவை ஆப்பிரிக்கக் குரங்குகளல்ல, இந்தியத் துணைக்கண்டத்தின் சாம்பல் மந்திகள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அது சரியெனில், மெசொப்பொத்தேமியா வழியாகச் சிந்துவெளி நிலப்பரப்பிற்கும் ஏஜியன் கடலுக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருந்திருக்க வேண்டும். வேறு ஆய்வாளர்கள் இதனை மறுத்து, ஆப்பிரிக்கக் குரங்குகளே என வாதிட்டுள்ளனர்.

ஓவியங்களுள் பல ஏதென்சிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே அக்ரோத்திரிக்கு மட்டும் செல்பவர் வெறும் சுவர்களையே காண்பார். ஃபிராவின் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பது நன்று.

அகழ்வாய்வுத் தலத்தின் மேல் புதிதாக அமைக்கப்பட்டு வந்த கூரையின் ஒரு பகுதி 2005 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். 3,500 ஆண்டுகள் சாம்பலுக்கு அடியில் காக்கப்பட்ட நகரத்தைக் காக்க எழுப்பிய கூரையே விழுந்தது. தலம் மூடப்பட்டு, கூரை மீண்டும் கட்டப்பட்டு, 2012 ஏப்ரலில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

பிற்கால வரலாறு

வெடிப்பிற்குப் பின் தீவு நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தது. தோரியக் கிரேக்கர் இங்குக் குடியேறி, தென்கிழக்கில் மேசா வூனோ என்ற மலைமுகட்டில் பண்டைத் தேரா நகரை அமைத்தனர். ஏழாண்டுகள் மழை பொய்த்ததால் தேராவினர் லிபியாவுக்குக் குடியேறிகளை அனுப்பி, கிமு 630 அளவில் சிரீன் நகரை நிறுவினர் என எரோடோட்டசு எழுதியுள்ளார். போனவர்கள் முதலில் துன்பம் தாளாது திரும்பி வந்தபோது, கரையிலிருந்தோர் அவர்களை இறங்கவிடாமல் எறிந்து விரட்டினர் என்பதும் அவர் தரும் செய்தி. அத்தனை வறண்ட தீவு அது. பின்னர் எகிப்தின் தாலமி அரசர்கள் இங்குக் கடற்படைத் தளம் வைத்திருந்தனர். மேசா வூனோவின் இடிபாடுகளை செருமானியத் தொல்லியலாளர் இல்லர் ஃபொன் கேர்த்ரிங்கன் 1895 முதல் அகழ்ந்தார்.

1204இல் நான்காம் சிலுவைப்போருக்குப் பின் தீவு வெனிசிய பரோசி குடும்பத்தினர் வசமானது. 16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் ஆட்சிக்குள் வந்து, கிரேக்க விடுதலைப் போருக்குப் பின் 1830களில் புதிய கிரேக்க நாட்டில் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இயா என்னும் ஊர் சொந்தமாகப் பாய்மரக் கப்பல்கள் கொண்ட வளமிக்க ஊராக விளங்கியது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் அது நலிந்தது.

1956 சூலை 9 அன்று, அண்டைத் தீவான அமோர்கோசுக்கு அருகே 7.5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. 53 பேர் இறந்தனர். சந்தோரினியின் வீடுகளில் பெரும்பகுதி சேதமுற்றது. பலர் ஏதென்சுக்குக் குடிபெயர்ந்தனர். 1970கள் வரை இது வறுமை மிக்க, பாதி கைவிடப்பட்ட தீவாகவே இருந்தது.

திராட்சையும் வைனும்

சந்தோரினியில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. கோடையில் மழை அநேகமாக இல்லை. ஆறுகளோ ஓடைகளோ கிடையா. வலிய காற்று மணலை வாரி இறைக்கிறது. அக்ரோத்திரியில் கிடைத்த சான்றுகள் திராட்சை வளர்ப்பு வெடிப்பிற்கு முன்பே இங்கிருந்ததைக் காட்டுகின்றன.

இங்குத் திராட்சைக்குப் பந்தல் போடுவதில்லை. கொடியை நிலத்தோடு நிலமாக வளையமாகச் சுற்றி, ஆண்டுக்காண்டு அதே சுற்றில் பின்னி, ஒரு கூடை போல ஆக்குகின்றனர். இம்முறை கூலூரா எனப்படும். குலைகள் கூடையின் உட்புறம் தொங்குவதால் காற்றும் மணலும் சுடுவெயிலும் அவற்றை நேரடியாகத் தாக்குவதில்லை. இரவில் கடலிலிருந்து வரும் ஈரப்பதத்தை நுரைக்கல் மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு பகலில் வேர்களுக்குத் தருகிறது. பல பத்தாண்டுகளில் கூடை தளர்ந்து விளைச்சல் குறையும்போது, தண்டைத் தரைமட்டத்தில் வெட்டிவிடுவர். பழைய வேரிலிருந்து புதிய கொடி எழும். இதனால் சில வேர்கள் சில நூற்றாண்டுகள் பழமையானவை எனக் கூறப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலோக்செரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. அதன்பின் ஐரோப்பியக் கொடிகள் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியே வளர்க்கப்படுகின்றன. களிமண் அநேகமாக இல்லாத சந்தோரினியின் எரிமலை மண்ணில் அப்பூச்சி வாழ இயலாததால், இங்குள்ள கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. உலக அளவில் இது அரிது.

முதன்மை வகை அசிர்த்திகோ என்ற வெள்ளைத் திராட்சை. கடும் வெயிலில் நன்கு பழுத்தபின்னும் இதன் புளிப்பு குறைவதில்லை என்பது வைன் தயாரிப்போர் இதை விரும்புவதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவிலும் இது இப்போது பயிரிடப்படுகிறது. அத்திரி, அயிதானி ஆகிய வெள்ளை வகைகளும், மந்திலாரியா, மவ்ரோத்ராகானோ ஆகிய கருவகைகளும் உண்டு. அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. சந்தோரினி வைன் 1971 முதல் சட்டப்படி காக்கப்பட்ட தோற்றப் பெயர் பெற்றது.

உள்ளூர் மரபில் இரு வைன்கள் சிறப்பானவை. நிக்தேரி என்பது இரவு என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. பகல் வெப்பத்தைத் தவிர்க்க, பறித்த பழங்களை இரவோடு இரவாகப் பிழிந்தனர். வின்சாந்தோ இனிப்பு வைன். பழங்களை ஏறத்தாழ இரு வாரம் வெயிலில் உலர்த்திப் பிழிந்து, ஓக் மரப்பீப்பாய்களில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிரவிடுகின்றனர். உருசிய மரபுவழித் திருச்சபையின் நற்கருணைக்காக இது முன்னாளில் பெருமளவில் கப்பலேறியது. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் ஏறத்தாழ இதே பெயரில் வேறொரு இனிப்பு வைன் உண்டு; இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பழைய வைன் கூடங்கள் கனாவா எனப்படுகின்றன. நுரைக்கல் பாறையைக் குடைந்து செய்த இக்குகைகளில் கோடையிலும் குளிர்ச்சி நிலவும். வோத்தோனாஸ் ஊரில் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிக் குகை ஒன்று வைன் அருங்காட்சியகமாக உள்ளது. பிர்கோஸ், மெகலோகோரி, எக்சோ கோனியா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வைன் ஆலைகள் பலவற்றில் பார்வையாளர்கள் சுவைத்துப் பார்க்கலாம். 1947இல் தொடங்கப்பட்ட விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியம் இவற்றுள் பெரியது.

தோட்டங்களின் பரப்பு கடந்த நூறாண்டில் பெரிதும் சுருங்கிவிட்டது. விடுதி கட்டுவதற்கு நிலத்தை விற்பது திராட்சை விளைவிப்பதைவிடப் பன்மடங்கு வருவாய் தருகிறது. கூடை பின்னத் தெரிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர். 2023, 2024ஆம் ஆண்டுகளின் வறட்சியாலும் வெப்ப அலைகளாலும் விளைச்சல் மிகத் தாழ்ந்து, பழத்தின் விலை கிரேக்கத்திலேயே மிக உயர்ந்த அளவை எட்டியது. பார்வையாளர்கள் வைனைச் சுவைக்க வருவதே அவ்வைனின் நிலத்தை விழுங்கும் காரணங்களுள் ஒன்றாக இருப்பது இத்தீவின் இன்றைய சிக்கல்.

பிற விளைபொருட்கள்

நீர்ப்பாசனமின்றி வளரும் சிறு தக்காளி, வெள்ளைக் கத்தரிக்காய், கேப்பர் மொட்டு ஆகியவை இங்கு விளைகின்றன. ஃபாவா எனப்படும் மஞ்சள் பருப்பு தீவின் அன்றாட உணவு. இது அவரை இனமன்று. நம் நாட்டுக் கேசரிப்பருப்பின் பேரினத்தைச் சேர்ந்த லாத்திரசு கிளைமேனம் என்ற செடியின் பருப்பு. வேகவைத்து மசித்து, ஒலிவ எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து உண்கின்றனர். இதே பருப்பு அக்ரோத்திரியின் தாழிகளிலும் கிடைத்துள்ளது.

சுற்றுலா

ஏதென்சின் துறைமுகமான பிரேயசிலிருந்து கப்பலில் ஐந்து முதல் எட்டு மணி நேரத்தில் அத்தினியோஸ் துறையை அடையலாம். விமானத்தில் ஏறத்தாழ 45 நிமிடங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவகாலம். சூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் மிக அதிகம். மே மாதமும் செப்டம்பர் பிற்பகுதியும் இவ்விரண்டிலும் சற்றுத் தணிந்தவை.

ஃபிராவின் பழைய துறையிலிருந்து ஊருக்கு 588 படிகள் ஏற வேண்டும். கம்பிவட ஊர்தியும் உண்டு. அதன் வருமானத்தில் ஒரு பங்கு, அதனால் தொழில் குறைந்த கழுதைக்காரர்களின் சங்கத்திற்குச் செல்கிறது. கழுதைகள் மீது தம் எடையில் ஐந்திலொரு பங்கிற்கும் 100 கிலோவுக்கும் மேல் ஏற்றக்கூடாது என 2018இல் கிரேக்க அரசு விதித்தது. ஃபிராவிலிருந்து விளிம்பின் வழியாக இமெரோவிகிளியைக் கடந்து இயாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 10 கிமீ நடைபாதை, தீவைக் காண்பதற்கு மிகச் சிறந்த வழி.

இயாவின் குகை வீடுகள் நுரைக்கல் பாறையைக் குடைந்து கட்டப்பட்டவை. வசதி குறைந்த மாலுமிகள் அவற்றில் வாழ்ந்தனர். கப்பல் தலைவர்கள் மேலே மாளிகைகளில் வாழ்ந்தனர். 1956க்குப் பின் வெறுமையாய்க் கிடந்த இவ்வீடுகளை 1970களிலிருந்து அரசின் சுற்றுலா நிறுவனம் விருந்தினர் இல்லங்களாகச் சீரமைத்தது. ஒரு காலத்தில் ஏழைகளின் உறைவிடமாக இருந்தவை இன்று தீவின் மிக விலையுயர்ந்த அறைகள். இயாவின் கோட்டை இடிபாட்டிலிருந்து கதிரவன் மறைவதைக் காண நாள்தோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. பிர்கோசின் உச்சியிலிருந்தும் அதே காட்சியை அமைதியாகக் காணலாம்.

கடற்கரைகள் கல்டேராவுக்கு எதிர்ப்புறத்தில் உள்ளன. பெரிசா, கமாரி ஆகியவற்றில் மணல் கருமையானது. அக்ரோத்திரிக்கு அருகிலுள்ள சிவப்புக் கடற்கரையின் மேலுள்ள பாறைகள் சரியக்கூடியவை என்பதால் எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன.

2007 ஏப்ரல் 5 அன்று சீ டயமண்ட் என்ற சுற்றுலாக் கப்பல் கல்டேராவுக்குள் பாறையில் மோதி மறுநாள் மூழ்கியது. பிரெஞ்சுப் பயணிகள் இருவர் காணாமற்போயினர்.

அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருவதாக மதிப்பிடப்படுகிறது. கோடையில் நீருக்கும் மின்சாரத்திற்கும் தட்டுப்பாடு ஏற்படுகிறது. குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிப்பதையே நம்ப வேண்டியுள்ளது. ஆசிரியர்களும் மருத்துவர்களும் தங்குவதற்கு வாடகை வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. கப்பல்களில் வருவோருக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்ற வரம்பு வகுக்கப்பட்டது. 2025 சூலை முதல் உச்சப் பருவத்தில் சந்தோரினியிலும் மிக்கோனோசிலும் இறங்கும் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது.

2025 நிலநடுக்கத் தொடர்

2025 சனவரி இறுதியில் சந்தோரினிக்கும் அமோர்கோசுக்கும் இடையிலான கடலடியில் நிலநடுக்கங்கள் தொடங்கின. சில வாரங்களில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் பதிவாயின. பெப்ரவரி 10 அன்று ஏற்பட்ட 5.3 அளவினது மிகப் பெரியது. பள்ளிகள் மூடப்பட்டன, பெப்ரவரி 6 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 11,000க்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறினர். உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு பிளவுகளின் வழியே பக்கவாட்டில் ஊடுருவியதே இதற்குக் காரணம் எனப் பின்னர் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. அது மேற்பரப்பை எட்டவில்லை. மார்ச் மாதத்திற்குள் அதிர்வுகள் தணிந்து மக்கள் திரும்பினர். விடுதிகள் அவ்வாண்டுப் பருவத்திற்குத் திறக்கப்பட்டன.